தண்டவாளம் இருந்த வழியில்: பழைய ரயில் தடங்களில் சைக்கிள் ஓட்ட முழுமையான வழிகாட்டி

லாரி ஹாரன் இல்லை. பின்னால் என்ன வருகிறதென்று தோளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஒரே சீராக மிதித்துக்கொண்டே போகலாம். இப்படிப்பட்ட பாதைகள் உலகில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. எல்லாம் ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடங்கள். ரயில் நின்றதும் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டு, அடியில் இருந்த மண்கரையின் மேல் தார் போட்டோ, பொடிக்கல்லைக் கொட்டி உருளை ஓட்டியோ, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

காரும் லாரியும் பெருகிய பிறகு பல நாடுகளில் கிளை ரயில் பாதைகள் நஷ்டத்தில் மூடப்பட்டன. பிரிட்டனில் ரயில்வே தலைவராக இருந்த பீச்சிங் 1963இல் தந்த அறிக்கை மட்டுமே ஏறக்குறைய 5,000 மைல் பாதையை மூடச் சொன்னது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை கைவிடப்பட்ட தடம் 1967இல் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. அந்த நாட்டில் இவ்வகைப் பாதைகளுக்கு அதுவே முன்னோடி. ஸ்பெயின் 1993இல் ‘வியாஸ் வெர்தெஸ்’ என்ற பெயரில், அதாவது பசுமை வழிகள் என்று, இதை ஒரு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே 3,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது.

இந்தப் பாதைகளைச் சும்மா ‘தட்டையான, சுலபமான வழி’ என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் உடம்பு நோக உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதை சுலபம்தான், ஆனால் அது சைக்கிளுக்காகப் போட்டதல்ல. ரயிலுக்காகப் போட்டது. எதற்காக அப்படிப் போட்டார்கள் என்று புரிந்துவிட்டால் எந்தத் திசையில் போவது, எந்த டயர் போடுவது, எங்கே குளிரும், எங்கே காற்று அடிக்கும் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே போகலாம்.

படி 1: மேற்பரப்பு என்னவென்று முதலில் கேளுங்கள்

படத்தில் எல்லாப் பாதையும் அழகாகத்தான் இருக்கும். ரோட் பைக் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்) வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது தாரா, பொடிக்கல்லா, வெறும் ஜல்லியா என்பது.

தார் போட்ட பாதைகள் ரோட் பைக்குக்குச் சொர்க்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் பாதை சுமார் 21 கி.மீ., 1979க்கும் 1986க்கும் இடையில் பகுதி பகுதியாகப் போடப்பட்டது. ஜெர்மனியின் ஆகனில் தொடங்கி பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் ட்ருவாவியெர்ஜ் வரை போகும் ஃபென்பான் 125 கி.மீ., பெரும்பகுதி தார்தான். ஆஸ்திரேலியாவின் ‘மர்ரி டு மவுன்டன்ஸ்’ பாதையும், அயர்லாந்தில் 2017இல் திறந்த 46 கி.மீ. வாட்டர்ஃபோர்டு பாதையும் இதே வகை. இவற்றில் 25 மி.மீ. அகல டயரில்கூடப் போகலாம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ‘டிரெயில் ஆஃப் தி கோர் டலேன்ஸ்’ என்று சுமார் 117 கி.மீ. நீளத் தார்ப் பாதை இருக்கிறது. அந்த ரயில் சுரங்கத் தொழிலுக்காக ஓடியது. தாதுவும் கழிவும் சிந்திச் சிந்தி அடிமண் முழுக்க ஈயம் கலந்த விஷமாகிவிட்டது. அந்த மண்ணை மூடி வைக்கும் மூடியாகவும் இருக்கட்டும் என்றுதான் தார் போட்டிருக்கிறார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள் என்று அங்கே எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். எந்தப் பாதையிலும் வழியில் இருக்கும் பலகையை நின்று படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

பொடிக்கல் பாதைகள் வேறு கணக்கு. மிசௌரியின் கேட்டி டிரெயில் (சுமார் 385 கி.மீ.), பிட்ஸ்பர்குக்கும் கம்பர்லாந்துக்கும் இடையில் 240 கி.மீ. போகும் கிரேட் அலகேனி பாசேஜ், நியூசிலாந்தின் 152 கி.மீ. ஒட்டாகோ சென்ட்ரல் எல்லாம் அழகில் முதல் வரிசைப் பாதைகள்தான். ஆனால் முதலிரண்டும் பெரும்பாலும் நுணுக்கிய சுண்ணாம்புக்கல், மூன்றாவது சரளை. காய்ந்திருக்கும்போது நன்றாக இறுகியிருக்கும் சுண்ணாம்புப் பொடி, மழை பெய்தால் மாவு பிசைந்ததுபோல டயரைப் பிடித்து இழுக்கும். ஆகவே மேற்பரப்பைப் பார்க்கும்போது முந்தைய சில நாள் மழையையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: எந்தத் திசையில் போவது?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. அதனால் ரயில் பொறியாளர்கள் ஏற்றத்தைக் கண்டு பயந்தார்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே, அதாவது 1 சதவீதம் என்றாலே, பெரிய ஏற்றம். 2 சதவீதம் என்றால் முன்னால் இன்னொரு என்ஜினைச் சேர்க்க வேண்டிய நிலை வரும். மலை குறுக்கே வந்தால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள், ஆறு வந்தால் வளைவுப் பாலம் கட்டினார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அவர்கள் மிச்சம் வைத்த அந்தச் சரிவு.

சைக்கிளில் 1, 2 சதவீதம் கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 70 வாட் போதும். 1 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்துக்கு 115 வாட் வேண்டும். 2 சதவீதத்தில் 160ஐத் தொடும். பார்த்தால் சமதளம், மிதித்தால் இரண்டு மடங்கு உழைப்பு. ‘இன்றைக்கு உடம்பு சரியில்லை போல’ என்று பலரும் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். உடம்பில் கோளாறு இல்லை, பாதை ஏறிக்கொண்டிருக்கிறது.

இறக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. தார்ப் பாதையில் 1.5 சதவீத இறக்கம் என்றால் மிதிக்காமலேயே 20 கி.மீ. வேகத்தில் உருளலாம். ஆனால் எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் அந்த உருளல் ஏறக்குறைய நின்றேவிடும். தளர்ந்த பொடிக்கல்லில் 1 சதவீத இறக்கம் வண்டியை நகர்த்தவே போதாது. மலைச் சாலையில் ஏறினால் இறக்கத்தில் ஓய்வு கிடைக்கும் என்ற கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே ஓய்வு என்பது நீங்களாக இறங்கி நின்றால்தான்.

அப்படியானால் திசையை எப்படி முடிவு செய்வது? உயர வரைபடத்தை எடுத்து, உச்சிப் புள்ளி எங்கே என்று பாருங்கள். கிரேட் அலகேனி பாசேஜில் அது ஈஸ்டர்ன் கான்டினென்டல் டிவைட் என்ற நீர்ப்பிரி மேடு, 729 மீட்டர் உயரம். கம்பர்லாந்தில் தொடங்கினால் 38 கி.மீ.க்குள் 500 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். விடாத ஏற்றம். பிட்ஸ்பர்க் பக்கம் தொடங்கினால் அதே உச்சிக்கு 200 கி.மீ. நீளத்தில் மெல்ல மெல்ல ஏறுவீர்கள். கால் வலுவாக இருக்கும் முதல் நாளிலேயே கஷ்டத்தை முடித்துவிட விரும்புகிறவர் கம்பர்லாந்திலிருந்தும், ஏற்றமே தெரியக் கூடாது என்பவர் மறுமுனையிலிருந்தும் கிளம்பலாம். இரண்டும் சரிதான், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற பயணம் என்றால் எனக்கு ஒரே விதிதான்: போகும்போது ஏற்றமும் எதிர்காற்றும், வரும்போது இறக்கமும் பின்காற்றும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தால் காற்றுக்கே முதலிடம் கொடுங்கள். ரயில் பாதை நேர்கோட்டில் போவதால் எதிர்காற்று ஒருமுறை முகத்தில் அறைய ஆரம்பித்தால் மணிக்கணக்கில் விடாது. மண்மேட்டின் மேல் போகும்போது மறைப்பே இருக்காது. பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் போனதும் காற்று சட்டென்று அடங்கும். வரைபடத்தில் மேடு எங்கே, வெட்டு எங்கே என்று பார்த்து வைத்தால் நிற்கும் இடத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 3: வண்டியைத் தயார் செய்யுங்கள்

புது வண்டி வாங்க வேண்டாம். டயரை மட்டும் யோசித்தால் போதும்.

தார்ப் பாதைக்கு 28 முதல் 32 மி.மீ. என்பது என் தேர்வு. 25இல் முடியும் என்றேன். ஆனால் இந்தத் தடங்களின் இருபுறமும் பல பத்தாண்டுகளாக மரங்கள் வளர்ந்திருக்கின்றன. அவற்றின் வேர்கள் தாரை அடியிலிருந்து தூக்கி, குறுக்கே வரப்பு வரப்பாக எழுப்பியிருக்கும். நிழலில் அது கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய டயரில் அழுத்தம் அதிகமாக வைத்திருந்தால் ஒவ்வொரு வேரும் முதுகுத்தண்டில் வந்து இடிக்கும். பொடிக்கல்லுக்கு 35 முதல் 40 மி.மீ. போடுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால்.

காற்றை எவ்வளவு அடிப்பது? 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயருக்கு 70 பி.எஸ்.ஐ. அளவிலும், 32க்கு 55–60, 40க்கு 35–40 என்றும் தொடங்கிப் பார்க்கலாம். எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். டயரின் பக்கச்சுவரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது.

வேறு கியர் செட் போட வேண்டியதில்லை, ரோட் பைக்கில் இருக்கும் எதுவும் இந்தச் சரிவுக்குத் தாராளம். மட்கார்டு இருந்தால் நல்லது, வெட்டுப்பள்ளங்களில் தண்ணீர் வடியாமல் நிற்கும். பெல் கட்டாயம். ரேசிங் வண்டியில் பெல் மாட்டினால் அழகு கெடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தப் பாதையில் பெல் இல்லாத வண்டி மரியாதை இல்லாத வண்டி என்பது என் உறுதியான கருத்து.

படி 4: அசையாமல் உட்காரும் உடம்பைக் கவனியுங்கள்

புதியவர்கள் யாரும் எதிர்பார்க்காத கஷ்டம் இது. சாதாரணச் சாலையில் சிக்னலில் கால் ஊன்றுகிறோம், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கிறோம், இறக்கத்தில் மிதிக்காமல் விடுகிறோம், திருப்பத்தில் சாய்கிறோம். உடம்பு தன்னையறியாமல் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ரயில் தடத்தில் இது எதுவும் கிடையாது. வளைவுகள்கூட ரயிலுக்காக அகலமாகப் போட்டவை, சாயவே வேண்டாம். ஒரே நிலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், 100 கி.மீ. மலைச் சாலை ஓட்டிப் பழகியவருக்கும் சீட் கடிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

மருந்து எளிது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கியர் கனமாக்கிக்கொண்டு எழுந்து நின்று இருபது முறை மிதியுங்கள். வலி வந்த பிறகு எழுந்தால் பயன் பாதிதான். கையை ஹேண்டில்பாரின் மேல்பகுதி, பிரேக் பிடி, கீழ்வளைவு என்று மூன்று இடத்துக்கும் மாற்றிக்கொண்டே இருங்கள். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்று இலகுவான கியரில் மிதித்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, முதுகை நிமிர்த்தி ஐந்து நிமிடம் நடங்கள்.

வேகத்துக்கும் ரயிலையே பின்பற்றலாம். சரக்கு ரயில் கிளம்பும்போது அவசரப்படாது, ஓடத் தொடங்கிய பிறகு ஒரே வேகம்தான். முதல் அரை மணி நேரம் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். அப்புறம் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

படி 5: சுரங்கப்பாதைகள்

என்னைக் கேட்டால் இந்தப் பாதைகளின் உயிரே சுரங்கங்களில் இருக்கிறது. ஐடஹோ–மொன்டானா எல்லையில் ‘ரூட் ஆஃப் தி ஹயவாதா’ பாதையிலுள்ள செயின்ட் பால் பாஸ் சுரங்கம் 2.7 கி.மீ. நீளம். இங்கிலாந்தின் பாத் நகரில் 2013இல் திறந்த டூ டனல்ஸ் பாதையில் கூம் டவுன் சுரங்கம் 1,672 மீட்டர். தைவானின் பழைய சாவ்லிங் சுரங்கம் 1924இல் ரயிலுக்காகக் கட்டியது, 2 கி.மீ.க்குச் சற்று மேல், 2008 முதல் சைக்கிளுக்கு. ஸ்பெயினின் வியா வெர்தே தே லா சியெராவில் 36 கி.மீ.க்குள் 30 சுரங்கங்கள். இந்தக் கடைசித் தடத்தில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. வேலை ஏறக்குறைய முடியும் தறுவாயில் திட்டம் கைவிடப்பட்டது. ரயில் காணாத அந்தச் சுரங்கங்களில் இன்று சைக்கிள் ஓடுகிறது.

உள்ளே நுழையும் முறை இதுதான். சுரங்க வாய்க்கு 100 மீட்டர் முன்பே வேகத்தைக் குறையுங்கள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். நான் ஒருமுறை கழற்ற மறந்து வெயிலிலிருந்து அதே வேகத்தில் நுழைந்துவிட்டேன். சில விநாடிகள் முன்சக்கரமே தெரியவில்லை, எதிரே நடந்து வந்த இருவரை அவர்களுடைய குரலை வைத்துத்தான் கண்டுகொண்டேன். கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை விளக்கும் நிதானமும்தான் துணை.

விளக்கை வெளியிலேயே போட்டுவிடுங்கள். ‘உள்ளே விளக்கு இருக்கிறது’ என்று சொல்லும் சுரங்கங்களிலும் உங்கள் விளக்கை எரிய விடுங்கள், அங்கே மின்சாரம் நிற்கலாம், இரவில் அணைத்தும் வைப்பார்கள். முன்னால் 300 லூமென் அளவாவது வேண்டும், ஒளி சாலையைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கக் கூடாது. பின்னால் சிவப்பு விளக்கு, மின்னாமல் நிலையாக எரியட்டும். சட்டைப் பையில் இன்னொரு சிறு விளக்கு. இரண்டு கி.மீ. நீளச் சுரங்கத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் கை நீட்டிச் சுவரைத் தடவித்தான் வெளியே வர வேண்டும்.

குளிர்ச்சியை எதிர்பாருங்கள். செயின்ட் பால் பாஸ் சுரங்கத்துக்குள் நடுக்கோடையிலும் 10 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். மேலிருந்து தண்ணீர் சொட்டும், ஓரத்தில் வடிகால் ஓடும். வியர்த்த சட்டையோடு நுழைந்தால் நடுங்கிவிடுவீர்கள், காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று முதுகுப் பையில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் சுரங்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரேட் அலகேனி பாசேஜின் ஒரு கி.மீ. நீள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள், சுலபமான மாற்றுவழியும் இல்லை. பிரான்ஸில் க்ளூனிக்கும் மாகோனுக்கும் இடையிலுள்ள புவா கிளேர் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடுவது வௌவால்களுக்காக. அவை அங்கே உறங்கும் காலம் அது. அப்போது மலையின் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏறுங்கள், வௌவால்கள் தூங்கட்டும்.

படி 6: பாலங்களும் குறுக்குச் சாலைகளும்

வாகனமே இல்லாத பாதை என்றாலும் வாகனங்கள் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. பல மணி நேரம் நிம்மதியாக ஓட்டியபின் மனம் தளர்ந்திருக்கும், அதனால்தான் இந்தக் குறுக்குகள் ஆபத்து. ரயில் காலத்தில் கேட் போட்டுக் காரை நிறுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் நிற்க வேண்டியவர் நீங்கள்தான். கால் ஊன்றி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

கார் நுழையாமல் இருக்கப் பாதையின் நடுவில் கம்பம் நட்டிருப்பார்கள். குழுவாகப் போகும்போது முன்னால் இருப்பவர் விலகிவிடுவார், அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வரும் இரண்டாமவர் நேராகப் போய் மோதுவார். கம்பத்தைப் பார்த்ததும் முன்னவர் உரக்கச் சொல்ல வேண்டும், பின்னால் உள்ள ஒவ்வொருவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பாதை திடீரென்று செங்குத்தாக இறங்கி உடனே ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள். அங்கே ஒரு இரும்புப் பாலம் இருந்திருக்கும். ரயில் நின்றதும் அதைப் பிரித்து எடுத்திருப்பார்கள். முழுப் பாதையிலும் ரயிலின் சரிவு இல்லாத இடம் அது மட்டும்தான், கியரை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

மரப்பலகை போட்ட பாலங்கள் நனைந்திருந்தால் சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கும். பாலத்தில் ஏறும் முன்பே வேகத்தைக் குறைத்து, மேலே போனபின் பிரேக்கும் பிடிக்காமல் திருப்பவும் செய்யாமல் நேராகக் கடந்துவிடுங்கள். பலகைகள் நீளவாக்கில் போட்டிருந்தால் இடுக்கில் மெல்லிய டயர் சிக்காமல் பாருங்கள். கனடாவின் மைரா கேன்யனில் இப்படி 18 பாலங்கள் பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. 2003 காட்டுத்தீ அவற்றில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டது. மனம் தளராமல் மறுபடி கட்டி 2008இல் திறந்தார்கள். அங்கே வேகமாகப் போவதில் அர்த்தமே இல்லை, இறங்கி நடந்தாலும் தகும்.

படி 7: பாதை எல்லோருக்கும் சொந்தம்

குழந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டும், முதியவர் கைத்தடியோடு நடப்பார், நாய் கயிற்றோடு குறுக்கே ஓடும், சில பாதைகளில் குதிரையும் வரும். அவர்களும் நம்மைப்போல வண்டிகளுக்குப் பயந்துதான் இங்கே வந்திருக்கிறார்கள். சாலையில் கார் நமக்குக் கொடுத்த பயத்தை நாம் இங்கே அவர்களுக்குக் கொடுப்பது நியாயமே இல்லை.

ஆள் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, தொலைவிலேயே பெல் அடியுங்கள். அருகில் வந்து அடித்தால் திடுக்கிட்டு நம் பக்கமே நகர்ந்துவிடுவார்கள். குதிரை என்றால் பெல் வேண்டாம், மனிதக் குரல் போதும், அதற்கு அகலமாக இடம் விட்டு மெதுவாகக் கடக்க வேண்டும். எந்தப் பக்கமாக ஓட்டுவது என்பது நாட்டைப் பொறுத்தது, பலகையில் இருக்கும். முன்னால் படுத்துக்கொண்டு பிடிக்கும் ஏரோபாரை இங்கே தொடாதீர்கள், பிரேக்குக்குக் கை எட்டாது.

கடுமையாகப் பயிற்சி செய்ய ஆசையா? அதிகாலையில், ஊர்களை விட்டு விலகிய பகுதியில் செய்யுங்கள். நடுவில் நிற்காமல் இருபது நிமிடம் ஒரே உழைப்பில் மிதித்து, பத்து நிமிடம் இளைப்பாறி, இன்னொரு இருபது நிமிடம் மிதிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆள் நடமாட்டம் தொடங்கியதும் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

படி 8: சாப்பாடு, தண்ணீர், பங்க்சர்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. மரநிழலிலேயே போவதால் தாகம் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். பழைய நிலையங்கள் இருந்த இடங்களில்தான் ஊரும் குடிநீரும் இருக்க வாய்ப்பு அதிகம், வரைபடத்தில் அவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நிலையம் இல்லாத நீண்ட இடைவெளியில் பெரும்பாலும் கடையும் இருக்காது, மண்மேட்டிலிருந்து சாலைக்கு இறங்க வழியும் இருக்காது. இரண்டு ட்யூப், பம்ப், டயர் நெம்பி, கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க ஒரு ரப்பர் துண்டு. இவ்வளவு போதும்.

படி 9: திரும்பி வரும் வழி

நீளவாக்கில் போகும் பாதை என்பதால் சுற்றி வர முடியாது. அதே வழியில் திரும்புவது, அல்லது மறுமுனையிலிருந்து வேறு வண்டி பிடிப்பது, இரண்டில் ஒன்று. அதே வழி என்றால் உங்களால் முடிந்த மொத்தத் தூரத்தில் பாதிக்கு முன்பே திரும்புங்கள். 60 கி.மீ. ஓட்ட முடியும் என்று தெரிந்தவர் 25இல் திரும்பலாம். மறுமுனை வரை போவதென்றால், அங்கே ரயில் நிலையம் இருக்கிறதா, சைக்கிளை ஏற்றுவார்களா என்று முந்தின நாளே உறுதி செய்யுங்கள். ஃபென்பானின் இரு முனைகளான ஆகனிலும் ட்ருவாவியெர்ஜிலும் ரயில் நிற்கிறது, அதனால் ஒரு பக்கமாக மட்டும் ஓட்டித் திட்டமிடலாம்.

ஃபென்பானில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, ஜெர்மன் மண்ணுக்குள் போகும் ரயில் தடமும் பெல்ஜியத்துக்கே சேர்ந்தது. ரயில் போய்விட்டது, எல்லை போகவில்லை. அங்கே சில இடங்களில் பாதையின் இருபுறமும் ஜெர்மனி, டயருக்குக் கீழே மட்டும் பெல்ஜியம்.

படி 10: வீட்டுக்கு வந்ததும்

வண்டியைச் சாத்திவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பொடிக்கல் பாதையில் ஓட்டியிருந்தால் சுண்ணாம்புத் தூளும் சுரங்கத் தண்ணீரும் சேர்ந்து செயினிலும் பிரேக்கிலும் அப்பியிருக்கும். காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அன்றைக்கே மெதுவாக விழும் தண்ணீரில் கழுவி, வேகமான பீய்ச்சலை பேரிங் பக்கம் காட்டாமல், துணியால் துடைத்து, செயின் முழுதாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். டயரை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்து, புதைந்திருக்கும் கல்துணுக்கையும் முள்ளையும் நகத்தால் பிடுங்கி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே முள்ளால்தான் பங்க்சர் ஆகும்.